சலங்கைப் பக்கம்

ஹெட்போன் வாங்கினால் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து அனுப்புகிற ஆள் இல்லை அவர். பெட்டியைப் பிரித்து, ஒயரை நீவிவிட்டு, நம் போனையும் கேட்டு வாங்கிக்கொள்வார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னாலும் விடமாட்டார். "உக்காருங்க தாயி, செட்டிங் வச்சுத்தான் தருவேன்" என்பார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், கடலைமிட்டாய்க் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு கிடந்தது அவர் கடை. உள்ளே ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்து எழுந்த யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் படியிறங்குவார்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. போர்டில் இருந்தது சாமி பெயர். மில்லில் நாங்கள் 'செட்டிங் அண்ணாச்சி' என்போம். ஐம்பதைத் தாண்டிய ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. அந்தச் சந்துப் பக்கம் இப்போது போனால் கடை இல்லை, அதே இடத்தில் யாரோ பழ ஜூஸ் போடுகிறார்கள். அவர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார் என்று கேள்வி. போகட்டும். எனக்கு அவர்மேல் இருக்கிற கோபத்துக்கு அவர் எதிரில் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

செட்டிங் என்று அவர் சொன்னது போனில் இருக்கும் ஒரு ஆப். திறந்தால் பத்துக் கோடுகள் நட்டமாக நிற்கும். ஒவ்வொரு கோட்டிலும் மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு பொத்தான். இடது பக்கத்துக் கோடுகளை அவர் தவில் பக்கம் என்பார், அதிர்கிற சத்தமெல்லாம் அங்கே. நடுவில் இருப்பது பாடுகிற ஆள். வலது ஓரத்தில் இருப்பது சலங்கைப் பக்கம். சலங்கை, தாளம், பாட்டுக்காரி மூச்சிழுக்கிற சத்தம், 'ச' என்று சொல்லும்போது பல்லில் படுகிற காற்று, எல்லாம் அந்தக் கோடுகளில்தான் இருக்கின்றன என்று விளக்குவார். ஒரு பக்கத்தை ஏற்றுவதற்கு முன்னால் மொத்தச் சத்தத்தையும் கொஞ்சம் இறக்கிவிடுவார், இல்லாவிட்டால் கரகரக்குமாம்.

இவ்வளவும் செய்யும்போது அவர் போனைப் பார்க்கமாட்டார். விரல் திரையில் இருக்கும், கண் நம் முகத்தில் இருக்கும். புருவம் லேசாக ஏறினால் நிறுத்துவார். உதடு விரிந்தால் போனைத் திருப்பிக் காட்டி, இதுதான் உங்க சவுண்டு என்பார். நல்லா இருக்கா என்று ஏன் வாயைத் திறந்து கேட்கமாட்டேன் என்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்களை என்னத்துக்குக் கேக்கணும் தாயி, அதான் முகம் சொல்லுதே" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் நானும் முகம் பார்த்துப் பிழைக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஸ்பின்னிங் மில்லில், நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின்கள் ஓடுகிற இடத்தில் வேலை. அங்கே சத்தம் போட்டுப் பேசுகிறவளைப் பார்த்தால் நேற்று வந்தவள் என்று அர்த்தம். நாங்கள் உதட்டால் மட்டும் பேசுவோம். இந்த மிஷினிலிருந்து கடைசி மிஷின் வரைக்கும், யார் வீட்டில் என்ன குழம்பு, எவள் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். சூப்பர்வைசரை அவர் பக்கத்தில் நின்றுகொண்டே திட்டுவோம், அவரும் நாங்கள் ஏதோ சிரித்துப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு போவார். ஷிப்ட் முடிந்து வேனில் ஏறின பிறகும் காதுக்குள் கொய்ங் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 'மில்லு வீடு வரைக்கும் கூட வருது' என்று அதற்கும் ஒரு சிரிப்பு. காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். வேர்வையில் அரிக்கும், எடுத்து டிபன் பைக்குள் போட்டுவிடுவோம்.

அந்த மில்லை நான் குறை சொல்ல வரவில்லை. அது இரும்பு. அது ஒருநாளும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, உனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னதில்லை.

ஹெட்போன் வாங்கினது மகள் குரலைக் கேட்பதற்காக. அவள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டம், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மகள் சாயங்காலம் போனில் குரலைப் பதிந்து அனுப்புவாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சன்னக் குரல் அவளுக்கு. போனைக் காதில் வைத்துக் கேட்டால் ஏதோ பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரிதான் இருக்கும். போனில் ஏதோ கோளாறு என்று நினைத்துத்தான் முதன்முதலாக அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

எந்த மில், எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டார். ரிங் பிரேம் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. காதில் மாட்டிவிட்டு மகள் அனுப்பினதைப் போடச் சொன்னார். சலங்கைப் பக்கத்துக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே போயின. மகள் என் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் எச்சில் விழுங்குகிறது கேட்டது. ஹாஸ்டல் அறையில் ஃபேன் கிறீச்சிடுவது கேட்டது. 'சாப்ட்டியாம்மா' என்றதில் அந்த 'ச' எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதை அவர் அந்த ஆப்பில் 'ஸ்பெஷல்' என்று பெயர் போட்டுப் பதிந்து கொடுத்தார். "இது உங்க காதுக்குன்னே வச்சது. வேற யாருக்கும் பொருந்தாது" என்றார். ஜாக்கெட்டைத் தவிர எனக்கென்று அளவெடுத்து யாரும் எதுவும் செய்து தந்ததில்லை. வேனில் போகும்போது ஆப்பைத் திறந்து அந்தக் கோட்டுப் படத்தைப் பார்ப்பேன். இடது பக்கம் சமமாகப் போய், வலது பக்கம் மேடேறி நிற்கும் கோடு. கர்வமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளுக்கு ஒருமுறை போக வேண்டியிருந்தது. சவுண்டு இறங்கின மாதிரித் தோன்றும், போவேன். அவர் போனை வாங்கி 'ஸ்பெஷல்' படத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கழுகுமலை முருகன் படம் மாட்டியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு, மஞ்சள் துணியால் ஹெட்போனைத் துடைப்பார். துடைக்கும்போது தலை லேசாக ஆடும். என்னவோ முணுமுணுக்கிறார் என்று தெரியும், முதுகு மட்டும் தெரிகிற ஆளிடம் நான் எதைப் படிக்க? முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் தொழிலைத் தொடங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு திரும்பி, சிரித்த முகத்தோடு அதைத் தலையில் மாட்டிவிட்டு, சலங்கைப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்.

யார் முகமும் சுருங்கக் கூடாது அவருக்கு. அவருடைய குணம் மொத்தமும் அவ்வளவுதான். கம்மாய்த் தண்ணீரில் விழுந்த போனை ஒருவர் கொண்டுவந்தார். செத்த போன், எனக்கே தெரிந்தது. ரெண்டு நாள் வெயிலில் வையுங்கள், வந்துவிடும் என்று அனுப்பினார். அந்த ஆள் மறுபடி வந்தார். அரிசி டப்பாவுக்குள் வையுங்கள் என்றார். மறுபடி வந்தார். சில போனுக்கு ஒரு மாசம்கூட ஆகும் என்றார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் நம்பிக்கையோடு போவதைப் பார்த்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடைக்காரருக்குப் பாட்டுப் பைத்தியம். தொண்டை அதற்கு ஒத்துழைக்காது. ஒருநாள் தான் பாடினதைப் போனில் பதிந்துகொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று இவரிடம் கேட்டார். இவர் உடனே நன்றாக இல்லை என்று சொல்லிவிடுவாரா? ஆப்பைத் திறந்து, கரகரப்பு இருந்த இடத்தை இறக்கி, எக்கோ கொஞ்சம் சேர்த்து, ஹெட்போனை மாட்டிவிட்டார். மிட்டாய்க்காரர் தன் குரலைக் கேட்டுத் தானே சொக்கிப்போனார். அந்தத் தைரியத்தில் கோவில் கொடைத் திருவிழாவில் மைக்கைப் பிடித்துவிட்டார். ஜனம் ஒவ்வொன்றாக எழுந்து ஐஸ் வண்டிப் பக்கம் போயிற்று. கடைசி வரைக்கும் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினது செட்டிங் அண்ணாச்சி ஒருவர்தான். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். மைக் பிடித்திருந்த அந்த மனுஷன் முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் இப்போது நினைத்தால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

மதியச் சாப்பாட்டை அவர் மனைவி கொண்டுவருவார். ஒருநாள் அந்த நேரத்தில் நான் ஸ்டூலில் இருந்தேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், சத்தமே இல்லாமல். ரசத்தை முதலில் ஊற்றிக்கொள்ளுங்கள், மோர் புளித்துவிட்டது என்று அந்த அம்மா உதட்டால் சொன்னதை நான் படித்துவிட்டேன். ஆஹா, நம்ம ஆள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நானும் சத்தமில்லாமல், எந்த மில் என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரிங் பிரேம்தான், விட்டு ரொம்ப நாளாச்சு, என்று தொடங்கினவர் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். அண்ணாச்சி சட்டென்று எங்கள் நடுவில் வந்து, ஆறிப்போகும், நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார். அவர் முகம் சுருங்கி நான் பார்த்தது அன்றுதான். வாடிக்கையாளர் முன்னால் வீட்டுப் பொம்பளை பேசுவது பிடிக்காது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நல்ல மனுஷனுக்கும் இப்படி ஒரு குணம் இருக்கும்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் மில் வேனில் வரும்போது திடீரென்று சவுண்டு செத்துப்போயிற்று. பாட்டு ஓடுகிறது, தவில் கேட்கிறது, பாடுகிறவள் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. சலங்கை இல்லவே இல்லை. மகள் அனுப்பினதைப் போட்டுப் பார்த்தேன், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஹெட்போன் போச்சு என்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அவரிடம் ஓடினேன்.

அவர் போனைப் பார்த்தார். பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ஆப்பை, சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் தானாக நிறுத்திவிட்டிருந்தது. ஹெட்போன் நன்றாகத்தான் இருந்தது. நான் வேனில் கேட்டது எந்தக் கோடும் ஏறாத, இறங்காத வெறும் சத்தம். அதாவது என் காது எனக்குக் கொடுத்த சத்தம். அது அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாது.

"போன் மேல தப்பு தாயி. இனி நிக்காது" என்று சொல்லி, ஆப்பை நிறுத்தக் கூடாது என்று போனுக்கு ஒரு கட்டளை போட்டுக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் மில்லில் என்னைக் கூப்பிட்டு, பேக்கிங் பக்கம் மாறிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். அங்கே மிஷின் சத்தம் கிடையாது. சம்பளம் கொஞ்சம் குறையும். ரொம்ப வருஷம் ரிங் பிரேமில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிறது, வேண்டுமானால் மாறலாம் என்று சொன்னார்கள். மகள் படிப்பு முடிகிற வரைக்கும் சம்பளம் குறையக் கூடாது என்பது என் கணக்கு. ஆனாலும் காது என்றதும் ஒரு பயம். யாரிடம் கேட்பது? டாக்டரிடம் போக எனக்குத் தோன்றவில்லை. காதைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய ஆள் இவர்தான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி, என்ன செய்யட்டும் அண்ணாச்சி, என் காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் கை சலங்கைப் பக்கத்தில் இருந்தது. நான் கவலையோடு இருந்திருப்பேன், என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க காதுக்கு என்ன தாயி, தங்கக் காது" என்றார். "சும்மா பயங்காட்டுதாவ."

முகம் மலர்ந்து நான் எழுந்து போனேன். மறுநாள் மில்லில், பேக்கிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு மகள் வந்தாள். வந்ததிலிருந்து எங்களுக்குள் முட்டல்தான். அவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று நான் சண்டை பிடித்தேன். நான் கவனிப்பதே இல்லை என்று அவள் மூஞ்சியைத் தூக்கினாள். எதிரில் இருந்து பேசினால் ஒன்றும் தெரியாது, உதடு இருக்கிறதே. முதுகுக்குப் பின்னால் பேசினால்தான் வினை. ஒருநாள் காலையில் நான் அடுப்பைப் பார்த்துத் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நின்றாள் போலிருக்கிறது. நான் திரும்பும்போது அவள் அங்கே இல்லை. சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாள், முகத்தைக் காட்டவில்லை.

அன்று ரயில் திருநெல்வேலி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பதிவு வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரித் தெளிவாக விழுந்தது.

"அங்கன எனக்குப் பயமா இருக்கு, வீட்டுலருந்து படிக்கேன்னு உன்கிட்ட அழுதுட்டே சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பாக்காம தோசை சுட்டுட்டு இருக்க. சரிம்மா, இனி சொல்லல."

ஹாஸ்டலில் சீனியர் பெண்கள் இரண்டு பேர் அவளை அழ வைத்துக்கொண்டிருந்தார்கள், அது பிறகு தெரிந்து, வேறு அறை மாற்றிக் கொடுத்தார்கள். அது வேறு கதை. நான் அன்றைக்கு என்ன நினைத்தேன் என்றால், இவள் குரல்தான் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, நேரில் சொன்னால் மட்டும் எனக்கு எப்படிக் கேட்காமல் போகும், வாய்க்குள் முனங்கிவிட்டு என்மேல் பழி போடுகிறாள் என்று. என் காதைச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. தங்கக் காது என்று சொல்லக் கேட்டுவிட்டு வந்தவள் அல்லவா நான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவளிடமிருந்து வந்ததெல்லாம் எழுத்துதான், குரல் வரவில்லை.

மறுவருஷம் மில்லில் காதுப் பரிசோதனை வைத்தார்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்துவதற்குத் தயாராக விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும், சோதித்த டாக்டர் பெண் ஒரு படத்தைக் காட்டினாள். இடது பக்கம் சமமாகப் போய், வலது பக்கம் பள்ளத்தில் விழுகிற ஒரு கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். தலைகீழாக, ஆனால் அதேதான். போனை எடுத்து 'ஸ்பெஷல்' படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அவளுடைய படத்தில் எங்கே பள்ளமோ அங்கே இவர் படத்தில் மேடு. டாக்டர் பெண் இரண்டையும் பார்த்தாள். இதை யார் வைத்தது என்று கேட்டாள். கடையில் என்றேன். எப்போதிலிருந்து என்றாள். சொன்னேன். "அப்ப அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். போன காது திரும்பி வராது, முன்னாலேயே சத்தத்தை விட்டு விலகியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் சொன்னாள்.

வெளியே வரிசையில் என்னோடு வேலை பார்க்கும் மாரியம்மாள் நின்றாள். என் முகத்தைப் பார்த்து, என்னட்டி என்று உதட்டால் கேட்டாள். நான் போனைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்துக் காட்டினாள். 'ஸ்பெஷல்'. அதே மேடு. அவளுக்குப் பின்னால் நின்றவளிடமும் அதே 'ஸ்பெஷல்'. அதற்கும் பின்னால் நின்றவளிடமும். வேற யாருக்கும் பொருந்தாது என்றாரே! ஸ்பின்னிங்காரி யார் போனாலும் எடுத்துக் கொடுக்க ரெடிமேடாக ஒன்று வைத்திருந்தார் மனுஷன். முதல் அளவு யாருடையது என்பது அப்போதுதான் உறைத்தது. காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டின அந்த அம்மாவுடையது.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. தெரியாதவர் ஏமாற்றினால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்துவிடலாம். நான் இவரை நம்பினேன். அதைவிட, எனக்கு இவரைப் பிடிக்கும். வீட்டில் ஒரு நாதி முகத்தைப் பார்த்துப் பேசாத நாட்களில், முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். என் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போவதையும் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அது எனக்குத் தெரியாமல் இருக்கும்படி கோட்டை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பேக்கிங்குக்கு மாறினேன். காது மிஷின் வாங்கினேன். அதை மாட்டிக்கொண்ட முதல் நாள் மகள் வீட்டில் இருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் நின்று, கேக்குதாம்மா என்றாள். திரும்பிப் பார்க்காமலே கேக்குது என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பல மாதம் அந்தச் சந்துப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். போனால் என்ன கேட்பது என்று உதட்டாலேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடியைக் காதுக்கு மேல் தழைய வாரி, பூ வைத்துக்கொண்டு போனேன். காது மிஷின் வெளியே தெரியவில்லை.

கடையில் எங்கள் மில்லில் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ரிங் பிரேமுக்கு வந்து, உதட்டுப் பேச்சும் பழகிவிட்ட பெண் ஒருத்தி, தன் முறைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், எங்க தாயி ஆளையே காணும் என்று பழையபடி சிரித்தார். நான் வாயைத் திறக்குமுன் போனையும் ஹெட்போனையும் வாங்கிக்கொண்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நானும் உட்கார்ந்தேன். 'ஸ்பெஷல்' படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வழக்கம்போல் முதுகைக் காட்டித் திரும்பி, மஞ்சள் துணியை எடுத்தார். தலை லேசாக ஆடியது.

முருகனிடம் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

"காது போயிட்டே இருக்கு தாயி. அந்த மிஷினை விட்டுட்டு வந்துரு. எங்க வீட்டுல உள்ளவளுக்கும் இப்படித்தான் போச்சு. மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல, தாயி."

மெல்ல, ஒரு எழுத்து விடாமல், துடைத்துக்கொண்டே சொன்னார். எத்தனையோ தடவை சொல்லிப் பழகின பேச்சு மாதிரி இருந்தது. நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அவர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டு, உதடு தெரியாமல் திரும்பி நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார். அவர் மனசுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

சிரித்த முகத்தோடு திரும்பி, ஹெட்போனை மாட்டிவிட என் முடியை ஒதுக்கினார். காது மிஷின் தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"கேட்டுச்சு அண்ணாச்சி" என்றேன்.

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட்போனையே பார்த்தார். "நான் சொல்லாம இல்ல தாயி" என்றார்.

"சொன்னீங்க. எனக்குக் கேக்காத மாதிரி சொன்னீங்க."

என் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஹெட்போன் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாசலில் அந்தப் பெண், தன் முறை வந்துவிட்டது என்று உள்ளே வரக் காலெடுத்து வைத்தாள். நான் அவளை நிறுத்தி, மில்லில் பேசுகிற மாதிரி, சத்தமில்லாமல் உதட்டால் சொன்னேன். உன் காது போய்க்கொண்டிருக்கிறது, இவர் கோட்டை ஏற்றுவார், உனக்குத் தெரியாது, முதலில் போய் டாக்டரிடம் காட்டு.

அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். மனைவியோடு உதட்டால் பேசிப் பழகின ஆள், ஒரு வார்த்தை விடாமல் படித்திருப்பார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. அவர் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நடுவில் போய் நின்றுகொண்டு, அவள் தோளைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன்.